மே மாதத்துக்கு எந்தக் கடல்?

கேள்வி: மே இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு ஆறு நாள் விடுமுறை. நான், கணவர், ஒன்பது வயது மகள், எழுபது வயது மாமியார் என நான்கு பேர். முதல்முறையாக வெளிநாடு போகிறோம். நல்ல வெயிலும் அழகான கடற்கரையும் வேண்டும். கணவர் புகெட் என்கிறார். எனக்கு மாலத்தீவு ஆசை. மகளுக்கு நீச்சல் தெரியாது. மாமியாருக்கு முழங்கால் வலி, வெளிச்சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது, சைவம் வேறு. நீச்சலுடை எங்களுக்குப் பழக்கமில்லை என்பதால் கூச்சமாகவும் இருக்கிறது. எங்கே போகலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வயது, முழங்கால், கூச்சம் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போங்கள். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் மூன்று இரவு, பிறகு தெற்கே பாசிக்குடாவில் இரண்டு இரவு.

பக்கத்தில் இருக்கிறது, செலவு குறைவு என்பதெல்லாம் அப்புறம். நான் முதலில் பார்ப்பது காற்றை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பத் தொடங்குகிறது. புகெட்டின் புகழ்பெற்ற கடற்கரைகள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. மே முதல் அக்டோபர் வரை அலை அங்கே நேராக வந்து மோதும். மாலத்தீவுக்கும் அப்போதுதான் மழைக்காலம் ஆரம்பம். அந்த ஊர்களைக் குறை சொல்லவில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை போனால் இரண்டும் சொர்க்கம்தான். ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பது மே.

ஒரு வருடம் ஜூன் மாதத்தில், டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று நாங்கள் குடும்பத்தோடு புகெட் போனோம். நான்கு நாளும் கரையில் சிவப்புக் கொடி. என் பெண் ஊரிலிருந்து ஆசையாக எடுத்து வந்திருந்த மஞ்சள் பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அறை மாடத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாளியில் ஒரு பிடி மணல்கூட ஏறவில்லை. உங்கள் மகளுக்கு அது வேண்டாம்.

அதே பருவக்காற்று இலங்கையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வறண்டுவிடுகிறது. அந்தப் பக்கத்து மக்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று என்பதால் அலையைக் கரைக்குத் தள்ளாது. மதியம் அனல் அடிக்கும். கடலோ குளம்போலக் கிடக்கும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைக்கு இதுதான் பருவம். வாடைக்காற்று பிறந்து மழை இந்தப் பக்கம் வந்ததும் ஆட்கள் தெற்கே உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் போய்விடுவார்கள்.

நிலாவெளியில் விடியற்காலை எழுந்துவிடுங்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம் (கடலில் மறைவதைப் பார்க்க முடியாது, அது மேற்குக் கரையின் காட்சி). அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதும் கண்ணில் படும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் குரல் உயரும், நடை வேகமாகும். கடைசியில் நெத்தலியும் சூடையும் மணலில் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு இருக்கிறது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் குடியிருப்பதால் வந்த பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் வைத்தாலே பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஓரமாக நீந்திப் போகும். சீண்டாதவரை அவை நம்மைச் சீண்டுவதில்லை. காலை முதல் படகிலேயே போய்விடுங்கள், மகளுக்கு உயிர்காப்பு உடையைப் படகில் ஏறும் முன்பே மாட்டுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: எவ்வளவு களைத்தாலும் பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள். கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. மிதிபட்டு உடைந்த கிளை மறுபடி வளர வருடக்கணக்காகும். மாமியாரை அங்கே அழைத்துப்போக வேண்டாம். படகிலிருந்து நீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டுகள், முழங்கால் தாங்காது.

அவருக்காகத் திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம், கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில். கோட்டைக்குள் நுழைந்து ஏற வேண்டும். ஆட்டோ கோயிலுக்கு அருகில்வரை போகும். வழியில் புள்ளிமான்கள் மனிதர்களுக்குப் பயப்படாமல் மேய்ந்துகொண்டிருக்கும். மாலைப் பூசைக்குப் போனால் வெயிலும் தாழ்ந்திருக்கும்.

இன்னொன்று, இதை நீங்கள் யோசித்தீர்களா தெரியவில்லை. வெளிநாடு போயும் மாமியார் வாய் மூடி உட்கார வேண்டியதில்லை. கடைக்காரரும் ஆட்டோக்காரரும் சாப்பாட்டுக் கடை அம்மாவும் அவரோடு தமிழிலேயே பேசுவார்கள். காலையில் இடியப்பமும் சொதியும் கேளுங்கள். நம் திருநெல்வேலிச் சொதிபோலக் காய்கறியும் பருப்பும் போட்டுக் கெட்டியாக இருக்காது. தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் மட்டும் போட்டு நீர்க்க வைத்திருப்பார்கள். வயிற்றுக்கு இதம். சம்பலில் மட்டும் கவனம் தேவை. மாசிக் கருவாட்டை இடித்துச் சேர்ப்பது அங்கே வழக்கம். ‘மாசி போடாத சம்பல்’ என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

அங்கிருந்து மூதூர், வெருகல், வாகரை வழியாகப் பாசிக்குடா. உங்கள் மகளை மனத்தில் வைத்துத்தான் இந்த ஊரைச் சேர்த்தேன். குதிரை லாடம்போல வளைந்த குடா. வெளியே இருக்கும் பாறைத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் அசைவதே தெரியாது. நூறு மீட்டர் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். மாமியாரும் கரையோரம் நாற்காலி போட்டுக் காலை நீரில் வைத்துக்கொண்டு உட்காரலாம்.

ஆனால் கடல் அமைதியாக இருக்கிறது என்று காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்கார வைத்துவிடாதீர்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்றேன் அல்லவா, அது அலையை அடக்கிவைக்கும், மிதவையைச் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும். திரும்பிப் பார்ப்பதற்குள் எட்டாத தூரம் போயிருக்கும். உடம்போடு கட்டுகிற உயிர்காப்பு உடையும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்குள் ஒருமுறை, மாலை நான்குக்கு மேல் ஒருமுறை குளித்தால் போதும். நடுவேளை வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது.

உடை விஷயத்தில் கூச்சமே வேண்டாம். அந்தக் கரைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் முழு உடையோடுதான் குளிக்கின்றன. சல்வாரோடு தாராளமாக இறங்குங்கள், துப்பட்டாவை மட்டும் கரையில் வைத்துவிடுங்கள். நனைந்த துணி காலில் சுற்றினால் ஆபத்து. புடவையோடு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகக் கூடாது.

பயணத்தைப் பற்றி: மதுரையிலிருந்தே கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. இறங்குவது கட்டுநாயக்கவில்; அங்கிருந்து திருகோணமலைக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். நடுவில் தம்புள்ளையில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பயண அனுமதியை அரசுத் தளத்திலேயே முன்கூட்டிப் பதிவு செய்துவிடுங்கள். விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். புத்தர் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் திருநாள் பெரும்பாலும் மே பௌர்ணமியில்தான் வரும். நாடே விடுமுறையில் கிளம்பும், அறை கிடைப்பது கஷ்டம்.

கணவர் தாய்லாந்துதான் என்று பிடிவாதமாக நின்றால், கிழக்குப் பக்கமிருக்கும் கோ சாமுய் தீவைக் கேளுங்கள், மே மாதத்தில் புகெட்டைவிட அது மேல். பாலியிலும் அப்போது வெயில் காலம். குழந்தையோடு என்றால் சனூர், நுசா துவா பக்கம்தான், குட்டாவின் அலை வேண்டாம்.

போகிற இடத்து மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த கரை அது. 2009 வரை போரையும் பார்த்தது. உங்களுக்குச் சோறு பரிமாறுகிறவர் வீட்டில் யாராவது போயிருக்கலாம். நீங்களாகக் கிளறாதீர்கள், அவர்களாகச் சொன்னால் அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

நிலாவெளியில் இருக்கும் நாட்களில் ஒரு காலை கன்னியாவுக்கு மாமியாரை அழைத்துப் போங்கள். நகரத்துக்கு வெளியே, சின்னச் சின்னக் கிணறுகளாக ஏழு வெந்நீர் ஊற்றுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்க வேண்டியதில்லை, வாளியில் மொண்டு முழங்காலில் ஊற்றிக்கொள்ளலாம். வலி தீருமா என்றால் நான் உறுதி சொல்ல மாட்டேன், இதமாக இருக்கும். அன்றைக்கு மாற்றுப் புடவை ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.