கடைசல் பட்டறையும் நாட்டின் வளர்ச்சியும்: கேள்வி பதில்

கோவையில் டர்னர்களுக்கு, அதாவது லேத் என்னும் கடைசல் எந்திரத்தில் உலோகம் கடைபவர்களுக்கு, நெடுங்காலம் பயிற்றுநராக இருந்தவர் பதிலளிக்கிறார்.

சேலம் வாசகர்: முதலீடும் மின்சாரமும் இருந்தால் நாடு வளராதா? தொழிலாளியின் திறனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பம்புத் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் அளவு பிசகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கடையும்போது தண்டு 40 பாகை சூடேறினாலே ஏறக்குறைய அவ்வளவு பெருத்துவிடும். தேர்ந்த டர்னர் கடைசி வெட்டுக்கு முன் நிறுத்தி, ஆறவிட்டு, மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவுக் கருவி வைத்துப் பார்ப்பார். பழகாதவர் சூட்டோடு அளந்து கடைந்துவிடுவார், ஆறியபின் தண்டு சிறுத்து, இரும்பும் மின்சாரமும் எந்திர நேரமும் சேர்ந்து கழிவாகும். லேத்தும் இரும்பும் ஒன்றாகவே இருந்தாலும், கை மாறினால் மாலையில் தேறும் உருப்படிகளின் எண்ணிக்கை மாறுகிறது. நாட்டின் உற்பத்தி என்று கூட்டிச் சொல்வதில் தேறியவை மட்டுமே சேரும்.

திருப்பூர் வாசகர்: மகனை ஐடிஐயில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மாணவர் கையில் நாள்தோறும் லேத் கிடைக்கிறதா என்று நேரில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஓசூர் வாசகர்: கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் வந்தபின் கைத்திறன் எதற்கு?

வெட்டுளியின் முனை தேயத் தேய அளவு நகரும். உதிரும் உலோகச் சீவலின் நிறத்தையும் வெட்டும் ஓசையையும் வைத்து அதை உணர்ந்து, எந்திரத்தில் பதிந்துள்ள உளியின் அளவை (ஆஃப்செட்டை) திருத்துபவர் மனிதரே.

அதே வாசகர்: ஏற்கவில்லை. அளவை உணரிகளே பார்த்துக்கொள்கின்றனவே?

உணரி அளவு பிசகியதைக் காட்டும்; முனை தேய்ந்ததா, பிடிப்பு தளர்ந்ததா, வார்ப்பில் கடினப் புள்ளி இருந்ததா என்று பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே எளிது. அந்தப் பழக்கம் வேலையிடத்தில்தான் வரும். ஜெர்மனியில் பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாட்களில் தொழிற்சாலையிலும் கற்கிறார். 1969 முதல் அதற்குத் தனிச் சட்டமே உண்டு. நம்மிடமும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தாக வேண்டும். அவர்களைப் பெட்டி தூக்க மட்டும் வைத்துக்கொள்வது நாட்டின் நாளைய உற்பத்தியைத் திருடுவதாகும்.

கரூர் வாசகர்: மகளை ஐடிஐயில் சேர்க்கலாமா?

திருப்பூர் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும். லேத்தை நேரில் பாருங்கள்.

நாகை வாசகர்: வளைகுடாவில் வெல்டர் சம்பளம் எவ்வளவு?

இது என் துறையன்று. சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். முகவரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.