கால் கட்டை விரல் நகம் சதைக்குள்ள குத்துதா? மூலையை நோண்டாதீங்க: வாசகர் கேள்விகளுக்கு பதில்

நான் கடலூர்ல சர்ஜன். குடல்வால், ஹெர்னியான்னு பெரிய விஷயமா எழுதும்போது வராத கேள்வியெல்லாம் போன தடவை கால் நகத்த பத்தி நாலு வரி எழுதினதுக்கு வந்திருக்கு. ஏன்னும் புரியுது, இந்த வலி வந்தவங்களுக்கு தான் தெரியும், ராத்திரி போர்வை பட்டா கூட உயிர் போற மாதிரி இருக்கும், ஆனா வெளிய சொன்னா "நகம் தானே"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. ஒரே மாதிரி வந்த கேள்விங்கள சேத்து பதில் சொல்றேன்.

திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து ஒரு அம்மா: பையனுக்கு 15 வயசு, ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடறான். வலது கட்டை விரல் நகம் உள்ள போய் வீங்கிக்குது. நானே நெயில்கட்டர வச்சு மூலையை ஆழமா வெட்டி எடுத்துடுவேன், ரெண்டு வாரம் நல்லா இருக்கான், மறுபடியும் வந்துடுது. இது நாலாவது தடவை. ஏன் டாக்டர்?

அம்மா, வெட்டின உடனே வலி போயிடுது பாருங்க, அது தான் எல்லாரையும் ஏமாத்தறது. குத்திட்டிருந்த முனை போனதும் அழுத்தம் கொறைஞ்சு சுகமா இருக்கும். ஆனா மூலையை வளைச்சு உள்ளுக்குள்ள வெட்டும்போது கட்டரோட வாய் எட்டாத எடத்துல ஒரு சின்ன துண்டு நகம் முள்ளு மாதிரி நின்னுடும், அது சதைக்கு அடியில இருக்கறதால உங்க கண்ணுக்கு தெரியாது. கால் நகம் மாசத்துக்கு சுமாரா ஒன்றரை மில்லிமீட்டர் வளருது, வளர வளர அந்த முள்ளு முன்னாடி நகர்ந்து நேரா சதையில எறங்குது. போதாக்கொறைக்கு மூலையில நகம் இல்லாம காலியா விட்டதால பக்கத்து சதை அந்த எடத்துக்கு மேல ஏறி உக்காந்துக்கும், நகம் வெளிய வர வழியே இருக்காது. நீங்க எவ்ளோ ஆழமா வெட்டறீங்களோ அடுத்த தடவை அவ்ளோ ஆழமா குத்தும்.

இந்த வயசு பசங்களுக்கு இது சாதாரணமா வரும். கால் வேகமா வளருது, போன ஜூன்ல வாங்கின ஷூ டிசம்பர்ல இறுக்கமாயிடுது, வேர்வை வேற, பந்து உதைக்கும்போது நகம் ஒவ்வொரு தடவையும் சதையில முட்டுது.

இப்போ செவப்பும் வீக்கமும் வலியும் மட்டும் தான், சீழ் இல்லன்னா வீட்டுலயே பாக்கலாம். வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டு 15 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கால வைக்க சொல்லுங்க. நல்லா தொடைச்சிட்டு, ஊறி மெதுவா இருக்கற பக்கத்து சதையை விரலால நகத்த விட்டு வெளிப்பக்கம் தள்ளி விடணும். அப்புறம் சுத்தமான பஞ்ச மெல்லிசா திரிச்சு நகத்தோட மூலைக்கு அடியில சொருகணும், பஞ்சு போகலன்னா பல்லுக்கு போடற ஃபிளாஸ் நூலு ஒரு துண்டு வைக்கலாம், தெனமும் மாத்தணும். நகத்த சதை மேல தூக்கி வைக்கறது தான் நோக்கம். இன்னொரு நல்ல வழி பிளாஸ்திரி. குத்தற பக்கம் நகத்த ஒட்டி சதை மேல ஒரு முனைய ஒட்டி, சதையை நகத்துலேந்து விலகற மாதிரி கீழ இழுத்து, விரலுக்கு அடிப்பக்கமா சாய்வா கொண்டு போய் ஒட்டுங்க, விரல முழுசா இறுக்கி சுத்தக்கூடாது. ஒரு ரெண்டு வாரம் பந்தும் வேணாம் மூடின ஷூவும் வேணாம், ஸ்கூல்ல கேட்டா செருப்பு போட லெட்டர் குடுங்க, நானே இது மாதிரி நெறைய எழுதி குடுத்திருக்கேன். முக்கியமா அந்த நெயில்கட்டர எடுத்து உள்ள வச்சிடுங்க. நகம் மூலை சதையை தாண்டி வெளிய தெரியற வரைக்கும் வளர விடணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், பொறுக்கணும்.

அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா குறுக்க நேரா வெட்டினா போதும், கை நகம் மாதிரி அரைவட்டமா வெட்டக்கூடாது. குளிச்சதும் வெட்டினா நகம் மெதுவா இருக்கும். மூலை கூரா இருந்தா லேசா ராவி விடுங்க. பார்லர்ல பெடிக்யூர் பண்றவங்களுக்கும் இதையே சொல்லுங்க, அழகா இருக்கணும்னு மூலையை தோண்டி எடுக்கறாங்க, அதனால வந்த விரல் நான் பாத்திருக்கேன்.

பாகூர் பக்கம் நாத்து நடற ஒருத்தங்க: கால் பெருவிரல்ல நகச்சுத்தி. எலுமிச்சம்பழம் சொருகினேன், மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டேன், கேக்கல.

நகச்சுத்திங்கறது நகத்த சுத்தி கிருமி பூந்து சீழ் கட்றது, கை விரல்ல தான் அதிகம் வரும். உங்களுக்கு கால் கட்டை விரல்ல ஒரே பக்கம் மட்டும் வலிச்சு வீங்கியிருந்தா அது பெரும்பாலும் நகம் உள்ள குத்தறதால வந்தது, ரெண்டுக்கும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். முள்ளு உள்ள இருக்கும்போது வெளிய எதைப் போட்டாலும் ஆறாதுல்ல, அதே கதை தான். எலுமிச்சம்பழம் குளிர்ச்சியா இருக்கும், நகத்த நகத்தாது. சுண்ணாம்பு மட்டும் தயவு செஞ்சு வேணாம், அது அரிக்கற ரசாயனம், ஏற்கனவே புண்ணான சதையை பொசுக்கிடும், நகம் குத்தின காயத்தோட சுண்ணாம்பு வெந்த காயமும் சேந்துக்கும்.

சேத்துல நிக்கற வேலைங்கறதால சொல்றேன், விரலிடுக்குல வெள்ளையா ஊறி அரிக்குதுன்னா அது சேத்துப்புண், அதுக்கு மருந்து வேற. இப்போ சீழ் இருக்குன்னா ஒரு வாரம் வயல்ல எறங்க வேணாம், கூலி போகும்னு தெரியும், ஆனா சேத்துத்தண்ணி அந்த ஓட்டைக்குள்ள போச்சுன்னா ஒரு வாரம் ஒரு மாசமாயிடும். டெட்டனஸ் வராம தடுக்கற டிடி ஊசி போட்டு வருஷக்கணக்கா ஆச்சுன்னா பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டுக்கோங்க.

கடலூர் சிப்காட்ல வேலை பாக்கற தம்பி: சேஃப்டி ஷூ கட்டாயம். ரெண்டு காலுலயும் வருது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி மூணு கோர்ஸ் போட்டாச்சு.

மாத்திரைய நிறுத்துங்க தம்பி. ஆன்டிபயாட்டிக் கிருமிய கொல்லும், நகத்த வெளிய இழுக்காது. குத்தற நகம் அங்கயே இருந்தா நாலாவது கோர்ஸும் இதே தான். செவப்பு விரல தாண்டி பாதத்துல ஏறுது, காய்ச்சல் இருக்கு, இல்ல சுகர் இருக்குன்னா தான் மாத்திரை உண்மையா வேலைக்கு ஆகும், அதையும் பாத்து எழுதி குடுத்து தான் போடணும்.

ஷூ விஷயத்துல நீளத்த விட அகலம் முக்கியம். முன்னாடி இரும்பு தொப்பி இருக்கற ஷூ தோல் ஷூ மாதிரி விரிஞ்சு கொடுக்காது, பக்கத்துல முட்டினா முட்டினது தான். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, வேலைக்கு போடற அதே சாக்ஸோட போட்டு பாருங்க, நிக்கும்போது நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கை கட்டை விரல் அகலம் எடம் இருக்கணும், விரல்ங்கள உள்ள அசைக்க முடியணும். ஸ்டோர்ல அகலமான சைஸ் கேளுங்க, கேட்டா சில எடத்துல வரவழைச்சு தராங்க. ரெண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டு போய் ஷிஃப்ட் நடுவுல மாத்திடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துல எட்டு மணி நேரம் ஒரே சாக்ஸ்னா சதை ஊறி நகம் வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்கும்.

முத்தியால்பேட்டைலேந்து ஒருத்தர்: ரெண்டு வருஷம் முன்னாடி நகத்த முழுசா பிடுங்கிட்டாங்க. வளர்ந்து வந்து இப்ப மறுபடியும் குத்துது, பக்கத்துல செவப்பா சதை வளர்ந்து தொட்டாலே ரத்தம் வருது. திரும்ப பிடுங்கணுமா?

முழுசா பிடுங்க வேணாம்னு தான் நான் சொல்வேன். நகத்த மட்டும் எடுத்தா வேர் அப்படியே இருக்கும், அதே அகலத்துல திரும்ப வளரும், முழுசா வளர ஒரு வருஷத்துலேந்து ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரைக்கும் மேல நகம் இல்லாததால விரல் நுனி சதை தூக்கிக்கும், புது நகம் வந்து அந்த சதைச் சுவத்துல முட்டும். உங்களுக்கு நடந்தது இது தான், உங்க தப்பு ஒண்ணும் இல்ல.

இப்ப பண்ண வேண்டியது குத்தற பக்கம் மட்டும் ஒரு சின்ன கீத்து, மூணு நாலு மில்லிமீட்டர், அடி வேர் வரைக்கும் எடுத்துட்டு, அந்த வேர் இருந்த எடத்துல பீனால் மருந்து தடவி அதை பொசுக்கிடறது. அதுக்கப்புறம் அந்த ஓரத்துல நகமே வளராது. விரலோட அடியில ரெண்டு பக்கமும் மரத்துப்போற ஊசி போடுவோம், உண்மைய சொல்லிடறேன், அந்த ஊசி சுருக்குன்னு நல்லாவே வலிக்கும், ஆனா அது ஒரு நிமிஷம், அப்புறம் விரல் உங்களோடது இல்லாத மாதிரி ஆயிடும். மொத்தமே அரை மணி நேரம், அன்னிக்கே நடந்து வீட்டுக்கு போகலாம். அந்த செவப்பு சதையையும் அப்பவே எடுத்துடுவோம். பீனால் வச்ச எடம் ரெண்டுலேந்து நாலு வாரம் வரைக்கும் தண்ணி மாதிரி கசியும், அத பாத்து சீழ்னு பயந்து ஓடி வர்றவங்க நெறைய, வலியும் செவப்பும் கூடாம வெறும் கசிவு மட்டும்னா தெனம் கழுவி கட்டு மாத்தினா போதும். நகம் முன்ன விட கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும், பக்கத்துல உக்காந்து பாத்தா தான் தெரியும். திரும்ப வர வாய்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், வெறுமன பிடுங்கறத விட ரொம்ப கம்மி.

ரெண்டு வருஷ கதைங்கறதால முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோங்க, நகத்துக்கு கீழ எலும்பு துருத்திட்டு இருந்தாலும் இதே மாதிரி தான் தெரியும். எடுத்த சதை பாக்க வித்தியாசமா இருந்தாலோ, நகத்துல கருப்பு கோடு இருந்தாலோ, புண்ணு ஆறாம இழுத்தாலோ பயாப்ஸிக்கு, அதாவது லேப்ல சதைய சோதிக்க, அனுப்பணும், அபூர்வமா தோல் புற்றுநோய் இந்த வேஷத்துல வரும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு மட்டும் பீனால் வைக்க மாட்டோம். ஜிப்மர்ல தோல் பிரிவுலயோ சர்ஜரி ஓபிலயோ காட்டுங்க, கடலூர் ஆளுங்க மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓபிக்கு போகலாம்.

முதலியார்பேட்டைலேந்து ஒரு மக: அப்பாவுக்கு 66 வயசு, சுகர் 20 வருஷமா. நகம் ஓரத்துல சீழ் வருது, ஆனா வலிக்கலன்னு சொல்றார். சுடுதண்ணில கால வைக்க சொல்லட்டுமா?

வேணாம்மா. இந்த எல்லா கேள்வியிலயும் என்னை பயமுறுத்தினது உங்களோடது தான். சீழ் இருக்கு வலி இல்லன்னா அது நல்ல சேதி கெடையாது, காலுல நரம்பு உணர்ச்சி போயிருக்குன்னு அர்த்தம். அவருக்கு தண்ணி எவ்ளோ சூடுன்னே தெரியாது, கொப்பளம் வந்து தோல் உரிஞ்சப்புறம் தான் பாப்பார். மேல பையனோட அம்மாவுக்கு சொன்ன பஞ்சு, பிளாஸ்திரி, உப்புத்தண்ணி எதுவும் இவருக்கு பொருந்தாது. வீட்டுல யாரும் நகத்த தொடவும் வேணாம்.

நாளைக்கு காலையிலயே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. அங்க 10 கிராம் மோனோஃபிலமெண்ட்னு ஒரு நைலான் இழைய பாதத்துல அழுத்தி உணர்ச்சி பாப்பாங்க, பாதத்து மேல நாடி துடிப்பு பாப்பாங்க, தேவைப்பட்டா ரத்த ஓட்டத்த பாக்க டாப்ளர் ஸ்கேன் எடுப்பாங்க. ரத்த ஓட்டம் நல்லா இருந்தா சுகர கட்டுக்குள்ள கொண்டு வந்து அந்த நகக்கீத்த எடுத்துடலாம், ஓட்டம் கம்மின்னா அத சரி பண்ணாம விரல்ல கத்தி வச்சா காயம் ஆறாது, அதனால தான் அவசரப்பட்டு எங்கயாவது போய் வெட்டிக்கக்கூடாதுங்கறேன். விரல் கருக்குது, நாத்தம் வருது, செவப்பு மேல ஏறுது, காய்ச்சல், இதுல ஒண்ணு இருந்தாலும் காலை வரைக்கும் கூட காத்திருக்காதீங்க, இன்னிக்கே கேஷுவாலிட்டி. நகம் ஓரத்துல ஆரம்பிச்சு விரல எடுக்க வேண்டி வந்தவங்கள நான் பாத்திருக்கேன், அவங்க எல்லாருமே சொன்னது ஒரே வார்த்தை தான், "வலிக்கவே இல்ல டாக்டர்".

ஆறினப்புறம் தெனமும் ராத்திரி நீங்களே அவர் கால டார்ச் அடிச்சு பாருங்க, விரலிடுக்கு உள்பட. வீட்டுக்குள்ளயும் செருப்பு. பௌர்ணமிக்கு திருவண்ணாமல போறவர்னா 14 கிலோமீட்டர் வெறுங்காலோட சுத்த விடாதீங்க, சாமி கோச்சுக்க மாட்டார்.

லாஸ்பேட்டைலேந்து காலேஜ் பொண்ணு: பருவுக்கு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல மூணு விரல்ல நகம் ஓரம் செவப்பா சதை வருது. ஷூவே போடறதில்ல.

மாத்திரை ஐசோட்ரெட்டினோயினா பாருங்க. அது நகத்த சுத்தி இப்படி சதைய வளர வைக்கும், தெரிஞ்ச பக்கவிளைவு தான். எழுதி குடுத்த தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, டோஸ் கொறைக்கறதா நிறுத்தறதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. நகத்த வெட்டாதீங்க.

நெல்லிக்குப்பம், புதுசா அம்மா ஆனவங்க: நாலு மாச கொழந்தைக்கு கால் நகம் சதைக்குள்ள பொதைஞ்ச மாதிரி இருக்கு.

கொழந்தைங்களுக்கு நகம் மெல்லிசு, சதை உப்பலா இருக்கும், அதனால பொதைஞ்ச மாதிரி தெரியும். செவப்போ சீழோ இல்லன்னா ஒண்ணும் பண்ண வேணாம், வளர வளர நகம் கெட்டியாகி தானா மேல வந்துடும். குளிப்பாட்டும்போது பக்கத்து சதையை லேசா தள்ளி விடுங்க, இறுக்கமான சாக்ஸ் போடாதீங்க.

ஆனா ஒண்ணு, ஒரே ஒரு விரல் மட்டும் திடீர்னு செவந்து உப்பி கொழந்தை விடாம அழுதுச்சுன்னா நகத்த பாக்காதீங்க, விரலோட அடிய பாருங்க. பிரசவத்துக்கப்புறம் அம்மாவுக்கு முடி கொட்டும், அந்த முடி ஒண்ணு சாக்ஸுக்குள்ள போய் விரல சுத்தி இறுக்கிடும், சதைக்குள்ள எறங்கிட்டா கண்ணுக்கே தெரியாது, ரத்த ஓட்டம் நின்னுடும். அப்படி இருந்தா ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் கொழந்தைய தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.