அச்சு 180 கிடக்கட்டும், கடைசி வரியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம் ஆகிறது. பார்வை மங்குகிறதே என்று கண் மருத்துவரிடம் காட்டினேன். அவர் தந்த தாளில் வலது கண் 6/6, இடது கண் 6/9, கண் அழுத்தம் 19, கப் டிஸ்க் 0.4, அச்சு 180, ஆரம்பக் கண்புரை என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று வருகிறது. பயந்துபோய், அண்ணியின் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்தை மூன்று வாரமாக விட்டு வருகிறேன். தாளின் அடியில் ‘வலது மாக்குலா அருகே ஹார்ட் எக்ஸுடேட்ஸ், 4 வாரத்தில் ஓசிடி’ என்றும் எழுதியிருக்கிறார். காட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. கண்ணாடி மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டேன். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.2. என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் தெரியாமல் போய்விட்டது. எனக்கும் அப்படி ஆகிவிடுமா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்:

அம்மா, முதலில் அந்த ஓசிடி ஸ்கேனை எடுத்துவிடுங்கள். இந்த வாரமே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்கள் பயப்படுவது 6/9 என்று எழுதியிருக்கும் இடது கண்ணை நினைத்து. எனக்குக் கவலை வலது கண்தான். ‘6/6’ என்றால் எழுத்துப் பலகையில் மற்றவர்கள் ஆறு மீட்டரில் படிப்பதை நீங்களும் ஆறு மீட்டரில் படித்தீர்கள், அவ்வளவுதான். விழித்திரை எப்படி இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. சர்க்கரை நோயில் விழித்திரை கெடத் தொடங்கிப் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட, பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட முடியும். வலியும் இருக்காது. அதனால்தான் தாளின் அடியில் இருக்கும் வரியை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த வரி என்ன சொல்கிறது என்றால், சர்க்கரையால் நைந்துபோன மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் கொழுப்பும் வெளியே கசிகின்றன. நீரை உடம்பு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். கொழுப்பு மஞ்சள் பொட்டுகளாக விழித்திரையிலேயே தங்கிவிடும், அதுதான் ஹார்ட் எக்ஸுடேட்ஸ். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவரில் பிறகு உப்பு பூத்து நிற்குமே, அப்படி. பொட்டுகள் தூரத்தில் ஓர் ஓரத்தில் இருந்தால் ‘சர்க்கரையைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பியிருப்பார். மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்புள்ளி. எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அதன் அருகிலேயே கசிகிறது. அதனால்தான் ‘4 வாரம்’ என்று காலக்கெடு போட்டிருக்கிறார்.

ஓசிடி வெறும் படம். கண்ணில் ஊசி இல்லை, கத்தி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் குறியைச் சில விநாடிகள் பார்த்தால் முடிந்தது. மாக்குலாவின் குறுக்குவெட்டு வந்துவிடும், எங்கே நீர் கோத்திருக்கிறது என்று அதில் தெரியும். நடுவில் வீக்கம் இல்லையென்றால் கண்காணித்தால் போதும். வீக்கம் இருந்தாலும் பார்வை இவ்வளவு நன்றாக இருக்கும்போது வீக்கத்தைக் குறைக்கும் ஊசியை உடனே போடாமல், அடிக்கடி பார்த்து, பார்வை இறங்கத் தொடங்கினால் போடலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அதுவும் முறையான வைத்தியம்தான். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று வேறு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். ஊசி தேவைப்பட்டால், ஆம், அது கண்ணுக்குள் போடும் ஊசி. கேட்கவே பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவார்கள். போட்டுக்கொண்ட பலர் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள்.

ஸ்கேன் எடுக்கும்வரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, வலது கண்ணால் குளியலறைச் சுவரின் டைல்ஸ் கோடுகளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் பயனில்லை, ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். நேர்க்கோடு நெளிந்தாலோ, நடுவில் ஓரிடம் அழிந்தது போல் இருந்தாலோ, முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ போய்விடுங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இனி மற்ற எண்கள். கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இயல்பு, உங்களுக்கு 19. கப் டிஸ்க் என்பது கண் நரம்பின் முகப்பில் இருக்கும் குழியின் விகிதம், 0.4 சாதாரணம். இந்த இரண்டையும் தேடுபெட்டியில் போட்டால் கிளாக்கோமா என்றுதான் வரும். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, போய்த் தூங்குங்கள்’ என்று எந்த இணையதளமும் எழுதாது. அச்சு 180 என்பது பவர் இல்லை அம்மா. உருளைப் பவரை (சிலிண்டர்) கண்ணாடியில் எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதற்கான எண் அது. 90 என்றாலும் 180 என்றாலும் அது நோயின் அடையாளமில்லை. ஆரம்பக் கண்புரை உங்கள் வயதில், அதுவும் சர்க்கரையோடு, அதிசயமில்லை. இடது கண்ணின் 6/9-க்கு அதுவே காரணமாக இருக்கலாம். இப்போது ஆபரேஷனும் வேண்டாம், கண்புரையைக் கரைக்கிறோம் என்று விற்கும் எந்தச் சொட்டும் வேண்டாம்.

சொட்டு என்றதும் அண்ணியின் குப்பி ஞாபகம் வருகிறது. அதை இன்றே தூக்கிப் போடுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஆபரேஷன் ஆன கண்ணில் அது வீக்கத்தை அடக்கும். தேவையில்லாத கண்ணில் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், நாள்பட விட்டால் கண்புரையை வளர்க்கும். கிளாக்கோமாவுக்குப் பயந்து, கிளாக்கோமாவைக் கொண்டுவரக்கூடிய மருந்தையே விட்டிருக்கிறீர்கள்! உங்கள் 19 இந்தச் சொட்டுக்கு முந்திய 19. இப்போது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆகவே ஸ்கேன் அன்று ‘மூன்று வாரம் இந்த மருந்தை விட்டேன்’ என்று மருத்துவரிடம் சொல்லி அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகத் திறந்த சொட்டு மருந்தை 28 நாளுக்கு மேல் வைத்திருப்பதே தப்பு. அதில் கிருமி சேரும்.

புதுக் கண்ணாடிக்குச் செலவழித்தது பற்றி: எச்பிஏ1சி 9.2 இருக்கும்போது கண்ணின் லென்ஸே நீர் கோத்துப் பவரை மாற்றிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடி ஒத்துவராமல் போகலாம். கண்ணாடிக்காரர்மீது கோபப்பட வேண்டாம்.

சர்க்கரை இறங்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே மாதத்தில் தடாலென்று இறக்க வேண்டாம். மிக வேகமாக இறக்கினால் விழித்திரை கொஞ்ச காலத்துக்கு மோசமாவதும் உண்டு. எனவே மருந்தின் அளவைச் சர்க்கரை மருத்துவர் மாற்றட்டும். ‘கண்ணில் கசிவு இருக்கிறது’ என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். பயோகிளிடசோன் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது சிலருக்கு நீர்க்கோப்பைக் கூட்டும். ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் கசியும் குழாய்கள் சிறுநீரகத்திலும் கசிந்துகொண்டிருக்கலாம். காலையில் ஒரு ஜோடி தால் பூரி, சாயங்காலம் அலுதா என்ற இனிப்புப் பால் பானம் என்று நடத்திவிட்டு, இரவில் பாகற்காய்ச் சாறு குடித்தால் கணக்கு நேராகாது.

அப்பாவைப் பற்றிக் கடைசியாக ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மொத்தக் கடிதமும் அதற்காகத்தான் என்று புரிகிறது. அவருக்குப் பார்வை எதனால் போனது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சர்க்கரையால் போகும் பார்வையில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது, கசிவைக் காலத்தில் கண்டுபிடித்தால். உங்களுடையதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. நீங்கள் பார்வை இழப்பீர்கள் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. உங்கள் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், நன்றாகத் தெரிகிறது என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவமனை இருக்கிறது. மோக்காவில் கண் மருத்துவமனைக்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயரை வைத்த நாடு இது. அரசு வைத்தியம் இலவசம், காத்திருக்கத்தான் வேண்டும். போகும்போது பழைய தாளையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் எடுத்துச் சென்று, அந்த அடிவரியை விரல் வைத்துக் காட்டுங்கள். ‘கண் மங்குகிறது’ என்று மட்டும் சொன்னால் மறுபடி பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அதனால் கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.