செனான் ஹெட்லைட்டில் டிம்–பிரைட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எச்.ஐ.டி. அல்லது செனான் ஹெட்லைட்டில் டிம்மும் பிரைட்டும் எப்படி மாறுகின்றன, மாறாவிட்டால் எங்கே பார்ப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். டிம் என்று நான் எழுதுவது லோ பீம், பிரைட் என்பது ஹை பீம்.

கேள்வி: எச்4 பல்பில் இரண்டு ஃபிலமென்ட் இருக்கிறது. ஒன்று டிம், இன்னொன்று பிரைட். செனான் பல்பிலும் அதேபோல இரண்டு வைத்தால் வேலை முடிந்ததே, ஏன் வைப்பதில்லை? நான் பொறியியல் மாணவன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் சார்.

செனான் பல்பில் ஃபிலமென்ட்டே கிடையாது தம்பி. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் நிலைத்து நிற்கும் மின்வில்தான் உங்கள் வெளிச்சம். அதைப் பற்றவைக்க இக்னைட்டர் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஒரு கணம் அடிக்க வேண்டும். பற்றிய பிறகு டி1, டி2 வகை பல்புக்கு 85 வோல்ட், பாதரசம் இல்லாத டி3, டி4 வகைக்கு 42 வோல்ட் போதும். இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெட்டிதான் பலாஸ்ட்.

பற்றியதும் முழு வெளிச்சம் வந்துவிடாது. முதலில் ஒளிர்வது செனான் வாயு மட்டும். குமிழின் சுவரில் படிந்திருக்கும் உலோக உப்புகள் சூடாகி ஆவியான பிறகுதான் பல்பு தன் முழு பலத்துக்கு வரும். ஐ.நா. வாகன விதி 99 கேட்பது என்ன தெரியுமா? ஒரு வினாடியில் 25 சதவீதம், 4 வினாடியில் 80 சதவீதம். இது தரமான பல்புக்கே வைத்த அளவு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 வினாடி என்றால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓடியிருக்கும். எதிர்வண்டி கடந்ததும் பிரைட் போட்டுவிட்டு 90 மீட்டருக்கு அரைகுறை வெளிச்சத்தில் போக யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தவிர, ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் மின்முனை கொஞ்சம் தேயும். ஓர் இரவுப் பயணத்தில் எத்தனை தடவை டிம் அடிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மின்வில்லை அணைக்கக் கூடாது, வெளிச்சம் போகும் வழியை மட்டும் மாற்ற வேண்டும். குழாயை மூடாமல் குடத்தை மாற்றிவைப்பது மாதிரி. பை-செனான் என்பது இதுதான். ப்ரொஜெக்டர் வகையில், நீள்வட்ட ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை லென்ஸுக்குப் பின்னால் ஓர் இடத்தில் குவிக்கிறது. அங்கே ஒரு சின்ன உலோகத் தகடு நிற்கிறது. அதை ஷட்டர் என்கிறோம். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் என்பதால், கீழ்ப்பாதியை மறைக்கும் தகடு சாலையில் மேல்பாதியை இருட்டாக்குகிறது. சுவரில் நீங்கள் பார்க்கும் அந்தக் கூர்மையான கோடு, தகட்டின் மேல்விளிம்பின் நிழல்தான். பிரைட் போட்டதும் சோலனாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) தகட்டை இழுத்துச் சாய்க்கிறது, மறைந்திருந்த வெளிச்சம் மேலே போகிறது. பல்புக்கு நடந்தது எதுவுமே தெரியாது.

ரிஃப்ளெக்டர் வகையில் தகட்டுக்குப் பதிலாகப் பல்பையே சில மில்லிமீட்டர் நகர்த்தும் அமைப்புகளும் உண்டு. குவியம் நகர்ந்தால் கற்றையின் திசையும் நகரும்.

கேள்வி: பிரைட் போடும்போதெல்லாம் முன்னால் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஏதாவது உடைகிறதா?

இல்லை. மேலே சொன்ன ஷட்டர் போய் நிற்கிற சத்தம் அது. வண்டி ஓடாமல் அமைதியாக நிற்கும்போது நன்றாகவே கேட்கும். கவலைப்பட வேண்டியது, அந்தச் சத்தம் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுபோனால்.

கேள்வி: என் பழைய காரில் டிம் செனான், பிரைட்டுக்குத் தனியாக ஹாலஜன். பிரைட் போட்டாலும் டிம் அணையாமல் எரிகிறது. வயரிங் கோளாறா? பிரைட் போடும்போது டிம்மை அணைத்துவிட ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடலாமா?

கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஐ.நா. விதி 48-இல் இது எழுதியே இருக்கிறது: டிம் விளக்கு டிஸ்சார்ஜ் வகை (செனான் இந்த வகைதான்) என்றால், பிரைட் எரியும்போதும் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்துவிட்டால், எதிர்வண்டிக்காக நீங்கள் டிம் அடிக்கிற நொடியில் ஹாலஜன் அணையும், செனான் அப்போதுதான் கண் விழிக்கும். நடுவில் இருட்டு. அந்த ரிலேயை மறந்துவிடுங்கள்.

உங்களுடையது செனானின் முதல் தலைமுறை ஏற்பாடு. 1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் செனான் வந்தபோது டிம்முக்கு மட்டும்தான் வந்தது. ஒரே வில்லில் டிம்மையும் பிரைட்டையும் கொடுக்கும் பை-செனான் 1999-இல் மெர்சிடிஸ் சி.எல். காரில் வந்தது. இருந்தாலும் தனி ஹாலஜன் பிரைட்டை மட்டமாக நினைக்காதீர்கள். பை-செனானில் ஒரே லென்ஸ் டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்துச் சமரசம் செய்துகொள்கிறது. தூரத்துக்கென்றே வடிவமைத்த தனி ரிஃப்ளெக்டரில் ஹாலஜன், செனான் டிம்மோடு சேர்ந்து எரியும்போது, நெடுஞ்சாலையில் நல்ல வீச்சு கொடுக்கும்.

கேள்வி: பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது பாஸ் லைட் அடித்தால் செனான் எரிவதில்லை, பக்கத்தில் இருக்கும் சின்ன ஹாலஜன் மட்டும் மின்னுகிறது. சரிதானா?

சரிதான். அரை வினாடி மின்னலுக்காக வில்லைப் பற்றவைப்பது பல்பை வீணாக்கும் வேலை, முழு வெளிச்சமும் வராது. அதனால் பல வண்டிகளில் பை-செனானோடு ஒரு ஹாலஜனையும் வைத்திருக்கிறார்கள். இரவில் செனான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும், அப்போது ஷட்டரும் சேர்ந்து ஆடும்.

கேள்வி: வெளியில் எச்4 எச்.ஐ.டி. கிட் வாங்கிப் போட்டேன் அண்ணா. டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றினால் இரண்டு பக்கமும் அணைந்து, ஒரு வினாடி கழித்துப் பற்றுகிறது. சில சமயம் ஒரு பக்கம் பற்றுவதே இல்லை. பலாஸ்ட் போய்விட்டதா?

பலாஸ்ட் இன்னும் போகவில்லை, இப்படியே ஓட்டினால் போய்விடும். உங்கள் டிப்பர் சுவிட்ச் ஹாலஜனுக்காகச் செய்தது. டிம் தொடர்பை விட்டு பிரைட் தொடர்பைத் தொடும்போது நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஹாலஜன் ஃபிலமென்ட் செக்கச்செவேல் என்று சூடாக இருக்கும், அந்த இடைவெளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வில்லுக்கு அப்படி இல்லை, மின்சாரம் நின்ற கணமே அணையும். பலாஸ்ட் மறுபடி பற்றவைக்க வேண்டும். சூடான குமிழுக்குள் அழுத்தம் அதிகம், ஆறிய பல்பைவிட அதிக வோல்ட் கேட்கும். தெரு விளக்குகளில் இருக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால் ஆறும்வரை பல நிமிடம் பற்றாது, பார்த்திருப்பீர்கள். கார் இக்னைட்டரைச் சூட்டிலேயே பற்றவைக்கும் பலத்தோடு செய்கிறார்கள். மலிவு கிட்டில் அந்தப் பலம் இருக்கும் என்று நம்ப முடியாது. பல்பு பழசாகிவிட்டால் இன்னும் சிரமம்.

தீர்வு, ரிலே வயரிங் செட். பலாஸ்ட்டுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வரட்டும். டிம் சிக்னல் வந்தாலும் பிரைட் சிக்னல் வந்தாலும் ரிலே பிடித்தே இருக்க வேண்டும். சோலனாய்டை பிரைட் சிக்னல் மட்டும் இயக்க வேண்டும். சுவிட்ச் மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் ரிலே விடாமலிருக்க நல்ல செட்டுகளில் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டரும் வைத்திருப்பார்கள். பற்றும்போது பலாஸ்ட் இழுக்கும் கரன்ட், நிலையாக எரியும்போது இழுக்கும் 3 சொச்சம் ஆம்பியரைப் போலப் பல மடங்கு. சன்னமான பழைய ஒயர் அதைத் தாங்காது. ஒரு பக்கம் பற்றாததற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே விழும் வோல்ட்டேஜ்தான்.

இதைச் சரிசெய்தாலும் ஒரு விஷயம் சரியாகாது, சொல்லிவிடுகிறேன். எச்4 ரிஃப்ளெக்டர் இரண்டு ஃபிலமென்ட்டின் இடத்தையும், டிம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே இருக்கும் குட்டித் தகட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வடிவமைத்தது. உங்கள் கிட்டில் சோலனாய்டு பல்பை முன்னும் பின்னும் தள்ளி அந்த இரண்டு இடங்களையும் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. வில்லோ நேராக நிற்காது, சூட்டில் மேல்நோக்கி வளையும். விளைவு, டிம்மில் ஓட்டினாலும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு வெளிச்சம் கூடின மாதிரி தெரிவது வண்டிக்கு மிக அருகில்தான். அருகில் தரை பளிச்சென்று இருந்தால் தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் செனான் கிட் போடுவது பல நாடுகளில் சட்டப்படியும் தவறு. என்னைக் கேட்டால் கழற்றிவிட்டு நல்ல ஹாலஜனும் தடித்த ஒயரும் போடுங்கள்.

கேள்வி: அதே மாதிரி கிட் போட்ட பிறகு டேஷ்போர்டில் நீல ஹை பீம் விளக்கு எரிவதில்லை. ஆனால் பிரைட் வேலை செய்கிறது.

சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பிளஸ் பொதுவாக இருக்கும், சுவிட்ச் மைனஸ் பக்கத்தில் மாற்றும். நீல விளக்கின் சுற்று மறு ஃபிலமென்ட் வழியாகத்தான் பூர்த்தியாகும். ஃபிலமென்ட்டை எடுத்துவிட்டீர்கள், பாதை அறுந்துவிட்டது. இதற்கென்று அடாப்டர் கிடைக்கும். அந்த வகை வண்டியில் சாதாரண ரிலே செட்டும் பொருந்தாது, மைனஸ் சுவிட்ச்சுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வண்டியோடு வந்த பை-செனான். இடப்பக்கம் பிரைட்டுக்கு மாறவே இல்லை, டிம்மிலேயே நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு, அதற்கு முன் கொஞ்சம் சோதியுங்கள். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஒருவரை பிரைட் போட்டுப் போட்டு எடுக்கச் சொல்லி, காதை விளக்கருகே வையுங்கள். 'டக்' கேட்கிறதா?

கேட்காவிட்டால், சோலனாய்டுக்குப் போகும் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். பலாஸ்ட் பக்கத்து உயர் அழுத்த ஒயரைத் தொட வேண்டாம். சில வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட் முதலில் முழு 12 வோல்ட் கொடுத்து இழுத்துவிட்டு, பிறகு பிடித்துவைக்க மட்டும் துடிப்பாகக் குறைத்துக் கொடுக்கும். அதனால் மீட்டர் குறைவாகக் காட்டினால் உடனே ஒயரைச் சந்தேகிக்காதீர்கள், நன்றாக இருக்கும் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். வோல்ட் வருகிறது, அசைவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றி காயிலின் ஓம்ஸை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் திறந்த சுற்று என்றால் காயில் போயிற்று. வோல்ட்டே வரவில்லை என்றால் ஃபியூஸ், கனெக்டர் துரு, வளைந்து திரும்பும் விளக்காக இருந்தால் உள்ளே அசைந்து அசைந்து அறுந்த ஒயர். இந்தக் கடைசி ஆசாமியைத்தான் பலர் கவனிப்பதில்லை.

'டக்' கேட்டும் சுவரில் மாற்றமில்லை என்றால் தகட்டின் இணைப்பு கழன்றிருக்கும் அல்லது பாதியில் சிக்கியிருக்கும். ப்ரொஜெக்டரைத் தனியே எடுத்துப் பழுது பார்க்கக்கூடிய வேலை இது. விளக்கின் முன்கண்ணாடியைச் சூடேற்றிப் பிரித்து, பிறகு ஈரம் புகாதபடி ஒட்டத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். சரியாக ஒட்டாத விளக்குக்குள் தண்ணீர் போனால் பலாஸ்ட்டும் சேர்ந்து போகும்.

டிம்மில் சிக்கியது நல்லகாலம். மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் தகட்டை டிம் நிலைக்கே தள்ளும்படிதான் வடிவமைக்கிறார்கள், பழுதானாலும் எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்பதற்காக. ஸ்பிரிங் உடைந்து பிரைட்டிலேயே நின்றுவிட்டால் அந்த வண்டியை இரவில் எடுக்காதீர்கள்.

கேள்வி: தானியங்கி ஹை பீம் இருக்கிறது. வளைவுப் பாதையில் நிமிடத்துக்குப் பல தடவை மாறுகிறது. ஷட்டர் தேய்ந்துவிடாதா?

தேயும் என்று பயந்து அணைத்துவைக்கத் தேவையில்லை, நிறைய முறை மாறும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். சில விளக்குகளில் தகட்டுக்குப் பதிலாகப் பல விளிம்புகள் கொண்ட ஓர் உருளையை மோட்டார் சுழற்றும். ஊருக்குள் ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று விளிம்பு மாறும். எதிரே வருபவரின் இடத்தை மட்டும் நிழலாக்குவதும் இதே வழியில்தான்.

கேள்வி: 8000 கெல்வின் பல்பு போட்டால் பிரைட் கூடுமா?

குறையும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, பலத்தை அல்ல. வண்டியோடு வருவது 4300 கெல்வின் அளவில் இருக்கும். நீலம் ஏற ஏற லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, இறங்கும். 55 வாட் பலாஸ்ட் பற்றிக் கேட்டவருக்கும் இதே இடத்தில் பதில்: 35 வாட்டுக்கான குமிழும் ப்ரொஜெக்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை இல்லை, வேண்டாம்.

கேள்வி: பை-செனான் ப்ரொஜெக்டரில் டி2எஸ் பல்புக்குப் பதில் அதே அளவு எல்.இ.டி. போட்டால் டிம்–பிரைட் வேலை செய்யுமா?

ஷட்டர் தனிச் சுற்று என்பதால் அது பாட்டுக்கு அசையும். ஆனால் ரிஃப்ளெக்டர் எதிர்பார்ப்பது எல்லாப் பக்கமும் ஒளி வீசும் மெல்லிய ஒரு மின்வில்லை. எல்.இ.டி.யில் இரண்டு பக்கமும் தட்டையான சில்லுகள். குவியத்தில் வெளிச்சம் பரவிவிடும், டிம்மில் கோடு கூர்மையாகத் தெரிந்தாலும் தூரத்து வீச்சு குறையும், பிரைட்டில் அந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். பல்பு ஊதா நிறத்துக்குப் போய் வெளிச்சம் குறைந்ததால் கேட்கிறீர்கள் என்றால், அது செனானுக்கு வயதானதன் அடையாளம். நல்ல டி2எஸ் ஜோடி வாங்கி இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டி2ஆர் என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது கறுப்புப் பூச்சுப் பட்டையோடு ரிஃப்ளெக்டர் விளக்குக்காக வருவது. மாற்றும்போது விளக்கை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது.