குறைமாதக் குழந்தைக்குப் பால் போதவில்லையா? எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: பி.பி. ஏறியதால் 30 வாரத்திலேயே சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை 1.3 கிலோ. தீவிர சிகிச்சைப் பிரிவில் ட்யூப் வழியாகப் பால் கொடுக்கிறார்கள். நான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று ஆறாவது நாள். நாளைக்கு நாலு முறை பால் எடுக்கிறேன். ஒரு தடவைக்கு 5 மி.லி.கூடத் தேறவில்லை. "உனக்குப் பால் ஊறாது, பவுடர் பால் கொடுத்துவிடலாம்" என்கிறார் மாமியார். என் பால் போதுமா? குழந்தை எப்போது நேரடியாகக் குடிக்கும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 5 மி.லி. அல்ல, 'நாலு முறை' என்பதுதான். நிறைமாதக் குழந்தை நாளைக்கு எட்டு, பத்து முறை உறிஞ்சும். அந்த உறிஞ்சலைப் பார்த்துத்தான் உடம்பு பாலைச் சுரக்கிறது. உங்கள் குழந்தையால் இப்போது உறிஞ்ச முடியாது என்பதால், அந்த வேலையை உங்கள் கைதான் செய்தாக வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது எட்டு முறை எடுங்கள். இரவில் ஒரு முறையாவது எழுந்து எடுப்பது கட்டாயம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். "பச்சை உடம்புக்காரி தூங்கட்டும்" என்று வீட்டில் சொல்வது அக்கறைதான். பகலில் தூங்குங்கள்.

பி.பி., சிசேரியன், குறைப்பிரசவம் மூன்றும் சேர்ந்தால் பால் வரச் சில நாள் தாமதமாவது சகஜம். குழந்தைக்கும் உடனே நிறையத் தேவைப்படாது. முதல் நாட்களில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மி.லி.யில்தான் தொடங்குவார்கள். முழு அளவுக்கு வந்தபின்கூட 1.3 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 200 மி.லி. சுமார். ஆனால் வளர வளரத் தேவை ஏறும். அதனால் இரண்டாவது வாரம் முடிவதற்குள் நாளைக்கு 500 மி.லி.யை எட்டப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் விட்ட சுரப்பைப் பிறகு மீட்பது கடினம்.

எடுக்கும் விதத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான துணியால் மார்பில் ஒத்தடம் கொடுத்து லேசாக நீவுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் விளிம்பில் மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது. காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். பால் நின்றதும் விரல்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி. இப்படி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 20, 30 நிமிடம். எடுக்கும்போது செல்போனில் குழந்தையின் போட்டோவைப் பாருங்கள். பால் இறங்க அது நிஜமாகவே உதவும். சீம்பாலுக்குக் கைதான் நல்லது. பால் கட்டத் தொடங்கியபின் பம்பும் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்த பாலை வெந்நீரில் கொதிக்க வைத்த சிறிய மூடிபோட்ட கிண்ணத்தில் ஊற்றி, பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். வெளியே 4 மணி நேரம் வரை. நம் ஊர் மே மாதத்தில் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வைத்தால் (கதவில் வேண்டாம்) 24 மணி நேரம். மருத்துவமனைக்கு ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். அடுப்பில் சூடாக்க வேண்டாம்.

இனி மாமியார் விஷயம். குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருக்கும். இந்தக் குழந்தைகளின் குடலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் அழற்சி, தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாக வருகிறது. பவுடர் பாலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் பால் பற்றாத நாட்களுக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போது எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்தித்தான் கொடுப்பார்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், தெருவில் விற்கும் கழுதைப்பால் எதுவும் வேண்டவே வேண்டாம். சுறாப்புட்டும் பூண்டும் நீங்கள் சாப்பிடலாம், ருசியாக இருக்கும். ஆனால் எட்டு முறை எடுப்பதற்கு அவை ஈடாகாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். உங்கள் பாலில் டாக்டர் சத்துப் பவுடர் கலந்தால் பதற வேண்டாம், 1.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது வழக்கம்.

தினமும் குழந்தையிடம் போய்வர முடிகிறதா? அப்படியானால் கங்காரு முறையைக் கேட்டு வாங்குங்கள். டயப்பர் மட்டும் கட்டிய குழந்தையை உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. உங்களால் முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம், மாமியாரும் செய்யலாம். பிறகு எடுக்கும் பால் பெரும்பாலும் கூடியே இருக்கும்.

நேரடியாகக் குடிக்க, உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் குழந்தை ஒத்திசைக்க வேண்டும். அது கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரத்தில்தான் கைகூடும். அதற்கு முன்பே, பால் எடுத்து முடித்த மார்பில் சும்மா சப்பவிடச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள், அதுதான் பயிற்சி. அடுத்த கட்டம் பாலாடை, அதாவது பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடைதான், கொதிக்க வைத்துக் கொடுத்தால் புட்டியைவிட எவ்வளவோ மேல்.

மார்பில் குடிக்கத் தொடங்கியதும் பால் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். சின்னக் குழந்தை சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும், மார்பில் பால் தங்கிச் சுரப்பு குறையும். மிச்சத்தை எடுத்துப் பாலாடையில் கொடுங்கள். நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் தொடர்ந்து ஏறினால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம். மார்பு கல்போல் இறுகிச் சிவந்து காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே காட்டிவிடுங்கள், அப்போதும் பால் எடுப்பதை நிறுத்தாமல்.