சுவரில் பெயர் எழுதியவர்கள்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரைக் கட்டியது ரோமப் பேரரசர் ஹேட்ரியன்தான் என்று ஒரு கல்வெட்டை வைத்து முடிவுகட்டியதாக ஆவணப்படம் ஒன்றில் சொன்னார்கள். யாரோ கட்டியதில் அரசர்கள் தம் பெயரைப் பொறித்துக்கொள்வது புதிதல்லவே? அதை எப்படி நம்புவது?

கோ.

அன்புள்ள கோ.,

அரசர் பெயர் மட்டும் இருந்திருந்தால் நானும் நம்பமாட்டேன். அந்தக் கல்லில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: ஹேட்ரியன், இரண்டாம் அகஸ்டா லெஜியன் என்ற ரோமப் படைப்பிரிவு, ஆளுநர் பிளடோரியஸ் நெப்போஸ். நெப்போஸ் பொ.யு. 122இல் பிரிட்டனின் ஆளுநராக இருந்ததை ஹங்கேரியில் கிடைத்த வெண்கலப் பட்டயம் ஒன்று தனியாகச் சொல்கிறது. சுவரோடு சேர்த்துக் கட்டிய ஹாட்பேங்க் சிறுகோட்டையில்தான் இந்தக் கல் கிடைத்தது என்பதும் முக்கியம்.

முன்பு பலரும், ஹேட்ரியனுக்குப் பின் வந்த பேரரசர் செவெரஸ் கட்டினார் என்றே நம்பினார்கள். பழைய நூல்கள் அப்படிச் சொல்லின. 1840இல் வரலாற்றாய்வாளர் ஜான் ஹாட்ஜ்சன் ஹேட்ரியனுக்காக வாதாடினார். செவெரஸ் கதையும் முழுப் பொய்யல்ல. கெல்ட் ஆற்றங்கரைப் பாறையில் 207ஆம் ஆண்டு கல் வெட்டியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அது செவெரஸின் ஆட்சிக்காலம்; சுவரைப் பழுதுபார்க்க வெட்டிய கல்லாக இருக்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், பேரரசர் கல்லைவிடச் சுவரின் முகப்பில் பதித்த சின்னக் கற்களே பெரிய சாட்சி. ‘இன்னாரின் அணி’ என்பதற்கு மேல் அவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இராது. சுமார் 80 வீரர்கள் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவு நீளம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இவற்றால்தான் தெரிகிறது. யாரையும் மிரட்டவோ மயக்கவோ எழுதியவை அல்ல, வேலைக் கணக்கு. தென்மேற்கு பிரிட்டனின் டும்னோனி, துரோட்ரிகெஸ் மக்களின் பெயர்களும் சில கற்களில் உண்டு. அவர்கள் எந்தக் காலத்தில் வந்து வேலை செய்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை.

நீங்கள் சொல்லும் தம்பட்டத்தைப் பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போகவேண்டும். அங்கே 142 வாக்கில் ரோமர்கள் தொடங்கிய அன்டோனைன் சுவர், கல் அடித்தளத்தின்மேல் புல்மண் கட்டிகளை அடுக்கி எழுப்பியது. 1868இல் பிரிட்ஜ்னெஸ்ஸில் கிடைத்த அதன் பலகைக்கல்லில், ஆடையற்ற எதிரிகளை ஒரு குதிரைவீரன் மிதித்து ஓட்டுகிறான். நடுவிலோ, இதே இரண்டாம் அகஸ்டா லெஜியன் 4652 தப்படி நீளம் கட்டி முடித்ததாகக் குறிப்பு. அதை எடின்பர்க் அருங்காட்சியகத்திலும், ஹாட்பேங்க் கல்லை நியூகாசிலிலும் பார்க்கலாம்.