வைப்பர் ஓடுது, கண்ணாடிக்குத் தண்ணி வருகுதில்லை: பிக்கப்பில் பம்மைத்தான் மாற்ற வேணுமா?

கேள்வி: மட்டக்களப்பில் பழைய டபுள் கேப் ஒன்று வைத்திருக்கிறேன். வைப்பர் நன்றாக ஓடுகிறது, முன் கண்ணாடிக்குத் தண்ணி மட்டும் அடிக்குதில்லை. தாங்கி நிறையத் தண்ணி இருக்கு. கராஜில் தண்ணி அடிக்கிற பம்மை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முதல் நானே எதையாவது பார்க்கலாமா?

பதில்:

கட்டாயம் பார்க்கலாம். பம் வாங்கக் காசை எடுக்க முதல் இதைச் செய்யுங்கள். கண்ணாடியில் ஒரு போத்தல் தண்ணியை ஊற்றி நனையுங்கள். காய்ந்த தூசிக்கு மேலால் வைப்பர் ஓடினால் கண்ணாடி கீறுப்படும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓனில் வைத்து, ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, வைப்பர் நெம்பை உங்கள் பக்கம் இழுங்கள். வீட்டில் இன்னொருவர் போனட்டைத் திறந்து வொஷர் தாங்கிக்குக் கிட்டக் காதை வைக்கட்டும். மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறதா?

கேட்டால் மோட்டருக்குக் கரண்ட் வருகிறது; கோளாறு பெரும்பாலும் தண்ணி போகிற வழியில். கேட்காவிட்டால் ஒன்றில் கரண்ட் வரவில்லை, அல்லது பம் செத்துவிட்டது. கராஜில் இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காமலே பம் என்று சொல்லியிருந்தால் அது ஊகம்தான்.

இதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். நான் வெல்லாவெளிப் பக்கம். காலையில் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரும்போது வெயில் நேரே முகத்தில்; பின்னேரம் திரும்பிப் போகும்போதும் முகத்தில்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து கிழக்கே எழுவான்கரைக்கு வேலைக்கு வருகிற எல்லோருக்கும் இதே கதி. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் மெசினுக்குப் பின்னால் பறக்கிற பதரும், கிறவல் வீதித் தூசியும் கண்ணாடியில் படிந்திருக்க, அதில் சாய்ந்த வெயில் பட்டால் கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளையாகிவிடும். வீதி ஓரத்தில் காயப்போட்ட நெல், அதைக் கிண்டிக்கொண்டு நிற்கிற மனிதர், குறுக்கே வருகிற மாடு, சைக்கிளில் போகிற பிள்ளை, எதுவும் தெரியாது. எனக்கு வொஷர் பிரேக்குக்கு அடுத்த சாமான்.

சரி, சத்தம் கேட்கிறது, தண்ணி இல்லை என்று வைப்போம். தாங்கியிலிருந்து கண்ணாடி வரைக்கும் டியூப்பைக் கையால் பிடித்துக்கொண்டு போங்கள். பல பிக்கப்களில் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற நொசில் போனட்டில் இருக்கும். அப்படியானால் போனட் கீல் இருக்கிற இடத்தில் டியூப் ஒவ்வொரு தரமும் மடிந்து நிமிரும். இஞ்சின் சூட்டில் றப்பர் கல்லு மாதிரி இறுகி அந்த மடிப்பிலேயே வெடித்திருக்கும். எலியும் கடிக்கும். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்குள் எலி வராமல் இராது. நெம்பை இழுக்கும்போது தண்ணி ஒழுகுகிற இடத்தில் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது டியூப் போட்டால் முடிந்தது.

ஒழுக்கு இல்லையென்றால் நொசிலுக்குக் கிட்ட டியூப்பைக் கழற்றிவிட்டு நெம்பை இழுங்கள். டியூப் வாயால் தண்ணி பாய்ந்தால் நொசில் அடைத்திருக்கிறது. நொசிலைக் கழற்றி, கண்ணாடிக்கு அடிக்கிற துளைப் பக்கத்தால் காற்று அடியுங்கள். அப்போதுதான் அழுக்கு வந்த வழியே வெளியே போகும். டியூப் பூட்டியபடி காற்று அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கிற இணைப்புகள் கழன்றுவிடும். பழைய நொசிலில் சின்னத் துளை இருந்தால் ஊசி போடலாம். விசிறி போலப் பரந்து அடிக்கிற புது வகை நொசிலுக்குள் ஊசி போட்டால் உள்ளே இருக்கிற அமைப்பு கெட்டுவிடும், பிறகு ஒழுங்காக அடிக்காது.

டியூப் வாயாலும் வரவில்லையா? இடையில் சின்னதாக ஒரு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணி திரும்பித் தாங்கிக்கு இறங்காமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அதன் மேல் அம்புக்குறி இருந்தால் அது நொசில் பக்கம் பார்க்க வேண்டும். யாராவது கழற்றி மாறிப் பூட்டியிருந்தால் ஒரு சொட்டும் போகாது. நெம்பை இழுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணி வருகிறதென்றால் அந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று எடுக்கலாம்.

அடுத்தது பம்மின் வாய். என் வண்டியில் வந்த கோளாறு இதுதான். மோட்டர் இரைந்தது, நொசிலில் ஈரம்கூட இல்லை. பம்மைத் தாங்கியிலிருந்து இழுத்து எடுத்தபோது, உள்ளே போகிற பக்கத்தில் இருக்கிற விரல் நுனி அளவு வலைத்தொப்பியை முழுக்கப் பாசி மூடியிருந்தது. கபிலம் கலந்த பச்சை, தொட்டால் வழுக்கும், வலையின் ஒரு கண்கூடத் தெரியவில்லை. மூக்கில் வைத்தால் குளத்தடி மணம். பழைய பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்துக் கழுவி, தாங்கியையும் கழற்றிக் குலுக்கிக் கழுவிப் பூட்டினேன். அதே பம் இன்னும் ஓடுகிறது. கிணற்றுத் தண்ணியை அப்படியே ஊற்றிவருகிற வண்டிகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

இனிச் சத்தமே இல்லாத கேஸ். முதலில் பியூஸ். பெட்டி மூடியில் படம் இருக்கும், வொஷர் அல்லது வைப்பர் என்று குறித்ததைப் பாருங்கள். வைப்பர் ஓடுவதால் பியூஸ் நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம், சில மாடல்களில் வொஷருக்குத் தனிப் பியூஸ். போயிருந்தால் அதே அம்பியரில் மட்டும் புதிது போடுங்கள். திரும்பவும் போனால் பம் இறுகியிருக்கிறது அல்லது வயர் எங்கேயோ உரசி வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) படுகிறது. பெரிய பியூஸும் செப்புக் கம்பியும் போட்டால் வயர்தான் எரியும்.

பியூஸ் நல்லதென்றால் பம்மின் சொக்கட். பல வண்டிகளில் தாங்கி மட்காட்டுக்குள் இருக்கும்; சில்லுப் பக்கத்து பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப்புகளைக் கழற்றினால் கை போகும். கடற்காற்று ஒரு பக்கம், மாரியில் வெள்ளம் ஏறிய வீதியால் ஓட்டுவது இன்னொரு பக்கம். கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் போய்வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொக்கட்டைப் பிரித்தால் உள்ளே இருக்கிற உலோகப் பின்னில் பச்சை பூத்திருக்கும். மெல்லிய மணல் தாளால் சுரண்டி, கொன்டாக்ட் கிளீனர் அடித்துப் பூட்டிப் பாருங்கள். இதோடு சரிவருகிற வண்டிகள் நிறைய.

அதிலும் வரவில்லையென்றால் 21 வோட் (21W) சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி, சொக்கட்டின் இரண்டு பின்னிலும் பிடித்துக்கொண்டு நெம்பை இழுக்கச் சொல்லுங்கள். மீட்டரை விட எனக்குப் பல்பில்தான் நம்பிக்கை. ஒரே ஒரு இழையில் தொங்குகிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்ப் ஒன்றரை அம்பியருக்கு மேல் இழுப்பதால் அந்த வயரின் குட்டு வெளிப்பட்டுவிடும். பல்ப் பளிச்சென்று எரிந்தால் கரண்ட் சரி, பம்தான் செத்தது. இப்போது மாற்றுங்கள், தாராளமாக.

எரியாவிட்டால் பல்பின் ஒரு முனையைப் பொடியில் நல்ல எர்த்தில் வைத்து, மற்ற முனையால் இரண்டு பின்னையும் தனித்தனியாகத் தொடுங்கள். பல ஜப்பான் வண்டிகளில் பிளஸ் பியூஸிலிருந்து நேரே பம்முக்கு வரும், நெம்பு கொடுப்பது எர்த்தை. அதனால் சாவி ஓனில் இருந்தால் நெம்பைத் தொடாமலே ஒரு பின்னில் பல்ப் எரியும். அப்படி எரிந்தால் கோளாறு நெம்பில் அல்லது அதற்குப் போகிற வயரில்; இது வயரிங் பாஸின் வேலை, கொடுத்துவிடுங்கள்.

பம் மாற்றும்போது அதைப் பிடித்திருக்கிற றப்பர் வளையத்தையும் புதிதாக வாங்குங்கள். இறுகிய பழைய வளையத்தில் புதுப் பம்மைச் செருகினால் விடியும்போது தாங்கி வெறுமையாக இருக்கும். செருகும்போது தண்ணியால் நனைத்தால் போதும், கிறீஸ் பட்டால் அந்த றப்பர் ஊதிப்போகலாம். பூட்ட முதல் பெற்றரியில் தொட்டுப் பார்க்கிறதென்றால் ஒரு கணம் மட்டும். தண்ணி இல்லாமல் ஓடினால் இந்தப் பம்கள் சூடேறிக் கெட்டுவிடும். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டர் பின்னுக்குச் சுற்றும், சத்தம் இருக்கும், தண்ணி ஒழுங்காக ஏறாது.

தாங்கிக்குள் என்ன ஊற்றுவது? வடித்த தண்ணியோடு வொஷர் திரவம், போத்தலில் போட்டிருக்கிற அளவுக்கு. உறைபனிக்கென்று விற்கிற விலை கூடியது மட்டக்களப்பு வெயிலுக்குத் தேவையில்லை. பாத்திரம் கழுவுகிற லிக்விட் வேண்டாம், நுரைத்துக் கண்ணாடியில் படலம் கட்டும். ரேடியேட்டர் கூலண்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நஞ்சு, கண்ணாடியிலும் எண்ணெய் மாதிரி இழுபடும்.

தண்ணி வந்தபிறகு நொசிலின் குறியையும் பாருங்கள். உருண்டை வகை நொசில் என்றால் ஊசியை லேசாக விட்டுத் திருப்பலாம். வண்டி நிற்கும்போது கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழட்டும். ஓடும்போது காற்று அதைக் கீழே தள்ளும், அப்போது சாரதியின் கண்ணுக்கு நேரே வந்து விழும்.